கீழ்த்தெரு ரொட்டி

அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு ஆரம்பிக்கலாம். குறுக்குக் காற்று என் கழுத்துக்கு ஆகாது. இந்த அறையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறேன். எந்த நாற்காலியில் காற்று அடிக்கும் என்று எனக்குத் தெரியும். விசாரிக்க வந்த நீங்கள் மூன்று பேரும் பார்த்துப் பார்த்து அந்த மூன்று நாற்காலிகளில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். நாளைக் காலையில் மூன்று பேருக்கும் கழுத்து திரும்பாது. அதையும் என் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

பெயர் மெதோடி ராஷேவ். வயது எழுபத்தாறு. சிறுநீரக மருத்துவப் பேராசிரியர். குறிப்பெடுக்கிற அந்தப் பெண் 'முன்னாள்' என்று எழுதுவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. பேராசிரியருக்கு முன்னாள் கிடையாது, அம்மா. பட்டத்தைப் பறிக்கத்தானே வந்திருக்கிறீர்கள், பறித்த பிறகு எழுதிக்கொள்.

யாசென்பாராவுக்கு நான் முதலில் போனது 1968 வசந்தத்தில். நாட்டின் வடமேற்கு மூலையில் ஓர் ஊர். பாதி வீடுகள் மேட்டில், பாதி ஆற்றோரம். மேல்தெருக்காரர்கள் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தார்கள். கீழ்த்தெருக்காரர்கள் கூட்டுப்பண்ணையில் உழுதார்கள். கீழ்த்தெருவில் ஒரு வியாதி இருந்தது. வலி கிடையாது, வீக்கம் கிடையாது. முப்பது, நாற்பது வயதுக்கு மேல் ஆள் வெளுக்க ஆரம்பிப்பார். பிறகு உள்ளங்கை செம்பு நிறமாகும். பிறகு சோர்வு. இரண்டு மூன்று வருடத்தில் முடிந்துவிடும். அறுத்துப் பார்த்தால் முஷ்டி அளவு இருக்க வேண்டிய சிறுநீரகம் அக்ரூட் கொட்டை அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும்.

ரத்த வழி வருவதில்லை. வெளியூரிலிருந்து வாழ வந்த மருமகள் இருபது வருடத்தில் மாமியாரைப் போலவே செத்தாள். சின்ன வயதில் ஊரைவிட்டு ஓடிய மகன் நன்றாக இருந்தான். ஆக, அந்த மண்ணில் இருக்கிற ஏதோ ஒன்று வருடக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது. அது எது என்பதுதான் கேள்வி. உலகத்தில் பல பேர் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஊர்க்காரர்களிடமிருந்து உதவி எதிர்பார்க்க முடியாது. வியாதி இருக்கிற வீடு என்று பெயர் வந்துவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணை யாரும் கட்டமாட்டார்கள். அதனால் மூடி மறைப்பார்கள். எங்கள் வழக்கப்படி செத்தவரின் படத்தோடு அறிவிப்பு அடித்து வாசல் கதவில் ஒட்டுவார்கள் இல்லையா, இரண்டு வருடம் படுக்கையில் கிடந்து செத்தவருக்கும் 'திடீர் மரணம்' என்றே போடுவார்கள். கீழ்த்தெரு முழுக்கத் திடீர் மரணம். இந்த மாதிரி ஜனங்களுக்காக உழைக்கிறோமே என்று எனக்குச் சில நாள் சிரிப்பாக வரும்.

நான் கிணறு என்று முடிவு செய்தேன். அவசர முடிவு இல்லை. மேல்தெருவில் ஊற்றுத் தண்ணீர், கீழ்த்தெருவில் ஆழமில்லாத கிணறு. பொருத்தமான காரணம். இரண்டு வருடத்தில் பதினொரு கிணறுகளை மூடினோம், மலையிலிருந்து ஊர் முழுக்கக் குழாய் போட்டோம். அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டினார். முதல் தண்ணீரை அவரே குடித்துவிட்டு, பல் கூசுகிறது என்றார். அந்தப் படம் பத்திரிகையில் வந்தது. எனக்கு இந்த ஆராய்ச்சி நிலையம் கிடைத்தது. கட்டடம், ஆட்கள், கார், வெளிநாட்டு மாநாடு, எல்லாம் அந்தக் குழாய் வழியாக வந்ததுதான்.

தாஃபினா ஊர் நர்ஸ். கீழ்த்தெருக்காரி. வீடு வீடாகப் போய் எங்களுக்குச் சிறுநீர் சேகரித்துக் கொடுப்பவள். கணவன் இந்த வியாதியில் போனவன். ஒரே மகள், நெதெல்யா. தாஃபினாவுக்கு வாழ்க்கையில் ஒரே கவலைதான், அப்பாவுக்கு வந்தது மகளுக்கு வந்துவிடக் கூடாது. 1971 ஆகஸ்டில் ஒருநாள், நானும் நாலைந்து டாக்டர்களும் ஊர்ச் சுகாதார நிலையத்தில் உட்கார்ந்திருக்கும்போது, கையில் ஒரு கைக்குட்டை முடிச்சோடு வந்து நின்றாள்.

"டாக்டர், பண்ணைக் குதிரை ஒண்ணு நேத்து செத்துப்போச்சு. கால்நடை டாக்டர் அறுத்தாரு, நானும் கூட நின்னேன். கிட்னி ரெண்டும் அக்ரூட் கொட்டை கணக்கா சுருங்கிக் கெடக்கு. எங்க வீட்டுக்காரருக்கு நீங்க காட்டினீங்களே, அச்சு அசல் அதே மாதிரி."

"குதிரைக்கும் வயசாகுமில்ல, தாஃபினா."

"ஆறு வயசுதான் டாக்டர் அதுக்கு. தண்ணி தண்ணின்னு நீங்க அலையறீங்க. அந்தக் குதிரை கிணத்துத் தண்ணியக் கண்ணால பாத்ததில்ல. ஆத்துல குடிச்சு வளந்தது. தின்னது மட்டும் நம்ம வயக்காட்டுத் தீவனம். இந்தாங்க, அதுல கெடந்தது."

முடிச்சை அவிழ்த்தாள். கோதுமை. நடுநடுவே தட்டையான, முக்கோணமான பழுப்பு விதைகள். ஓநாய் ஆப்பிள் என்று அங்கே சொல்வார்கள். மஞ்சள் பூப் பூக்கிற, நாற்றமடிக்கிற ஒரு களை. ஆடுமாடு தானாக வாய் வைக்காது. கோதுமையோடு கோதுமையாக வளர்ந்து, அறுப்பில் சேர்ந்து வந்துவிடும். நல்ல கோதுமை அரசாங்கத்துக்குப் போகும். கடைசியில் களத்தைக் கூட்டி அள்ளுவதைப் பண்ணையில் உழைத்தவர்களுக்குக் கூலியாக அளந்து போடுவார்கள். கீழ்த்தெருவில் ஆற்று மில்லில் அரைத்து வீட்டிலேயே சுடுவது அதைத்தான். மேல்தெருவில் சம்பளக்காரர்கள், கடை ரொட்டி.

இவ்வளவும் அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியது. மறைக்க மாட்டேன். ஆனால் சுற்றிலும் என் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். "அப்ப எங்களுக்கு ஆராய்ச்சி நிலையமே வேண்டாமே, தாஃபினாவோட கைக்குட்டை போதுமே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள். போகும்போது கைக்குட்டையை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அதை நான் எடுத்துக்கொண்டேன்.

நிலையத்தின் அடித்தளத்தில் பன்னிரண்டு முயல்கள். ஒன்பதுக்கு அந்த விதை கலந்த தீனி, மூன்றுக்குச் சுத்தமான தீனி. நானே போட்டேன், நானே அறுத்தேன், நானே நோட்டில் எழுதினேன். 1972 மார்ச்சில் முடிந்தது. விதை தின்ற ஒன்பதும் செத்தன. ஒன்பதுக்கும் சிறுநீரகம் சுருங்கியிருந்தது. அந்த நோட்டுதான் இப்போது உங்கள் மேஜையில் இருப்பது. கையெழுத்து என்னுடையது, சந்தேகம் வேண்டாம்.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு எல்லாம் சுலபம். முயல் மனிதன் இல்லை. முயலுக்கு ஆனது மனிதனுக்கும் ஆகும் என்று மேடையில் ஏறிச் சொல்கிறவனைப் பார்த்து நானே சிரித்திருக்கிறேன். அதுவும் அமைச்சர் குடித்த தண்ணீரின் ஈரம்கூடக் காயாதபோது, கிணற்றில் ஒன்றுமில்லை ஐயா, ஊர் நர்ஸ் கைக்குட்டையில் கொண்டுவந்தாள் என்று சொல்ல வேண்டும். நிலையத்தை இழுத்து மூடியிருப்பார்கள். மூடியிருந்தால் வியாதியை யார் ஆராய்வது? என் பெயருக்காக நான் பயப்படவில்லை. அறிவியலுக்காக யோசித்தேன்.

யோசித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. மேல்தெரு, கீழ்த்தெரு. ஒரே ஊர், ஒரே காற்று, இப்போது ஒரே குழாய்த் தண்ணீர். வித்தியாசம் ரொட்டி மட்டும். இப்படி ஓர் ஏற்பாட்டை எந்த ஆராய்ச்சியாளனாலும் கேட்டு வாங்க முடியாது. கேட்டால் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் போடுவார்கள். இங்கே அது தானாக அமைந்திருந்தது. நான் எதையும் ஏற்பாடு செய்யவில்லை. யாருக்கும் எதையும் ஊட்டவில்லை. இருப்பது இருக்கிறபடி இருபது இருபத்தைந்து வருடம் இருந்தால் போதும். அதை யாரும் கலைத்துவிடாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

முதலில் கலைக்கப் பார்த்தவள் தாஃபினா. அந்த வருட அறுவடைக்குப் பிறகு, அவள் வீட்டில் விதை பொறுக்குகிறாள் என்று எனக்குத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தேன். அடுப்படி மேஜை முழுக்கக் கோதுமை. அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நெதெல்யாவுக்கு அப்போது பதினைந்து வயது.

"டாக்டர் மாமா, மத்தியானத்துலேர்ந்து பொறுக்குறோம்" என்றாள் அந்தப் பெண். "ஒரு ரொட்டிக்கு இவ்வளவு. உங்கம்மா பொறுக்குறதுல மொத்தக் கோழிப் பண்ணையையும் தோக்கடிச்சுடுவான்னு கிளாஸ்ல கேலி பண்றாங்க."

"சொல்றவங்க சொல்லட்டும். நீ பொறுக்கு" என்றாள் தாஃபினா.

நான் உட்கார்ந்தேன். "ஆராய்ச்சி நிலையத்து நர்ஸே இப்படி உக்காந்து பொறுக்கினா, ஊர் எதை நம்பும் தாஃபினா? குழாய்த் தண்ணியையா, உன் மேஜையையா?"

அவள் கையை நிறுத்தவில்லை. "அன்னைக்கு எல்லாரும் சிரிச்சீங்க. சரி, நான் படிக்காதவ மாதிரி பேசிட்டேன். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்த விதையில ஒண்ணுமில்லேன்னு உங்களுக்கு உறுதியாத் தெரியுமா? தெரியும்னா இப்பவே நிறுத்திடறேன். எனக்கும் கண்ணு போகுது."

"ஒண்ணுமில்ல."

"நெசமா?"

"பரிசோதிச்சுப் பாத்துட்டேன், தாஃபினா. ஒண்ணுமில்ல."

அவள் கையிலிருந்த விதையை மேஜையில் வைத்தாள். பிறகு, "அப்ப எதுன்னு தெரியற வரைக்கும் இவள வர்னாவுல எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிடட்டுமா? அங்க தையல் பள்ளிக்கூடம் இருக்கு. அக்காவும் வரச் சொல்றா" என்றாள்.

"தாராளமா அனுப்பு. ஏன் அனுப்பினேன்னு ஊர் கேக்கும். எங்க வீட்டுல அந்த வியாதி இருக்குன்னு நீயே தண்டோரா போட்ட மாதிரி ஆகும். அப்புறம் இவளை யாரு கட்டிக்குவா?"

பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. தாஃபினா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு பொறுக்கி வைத்திருந்த விதையையும் கோதுமையையும் இரண்டு கையாலும் ஒன்றாகக் கூட்டி, மறுபடி மூட்டைக்குள் தள்ளினாள். "ரொம்ப நன்றி டாக்டர், ஒரு பாரம் எறங்குச்சு" என்றாள். எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். நல்ல காப்பி.

இதை நீங்கள் கொடூரம் என்பீர்கள். நான் விளக்கம் சொல்கிறேன். பதினைந்து வயதிலிருந்தே ரத்தமும் சிறுநீரும் மாதாமாதம் ஒழுங்காக எடுக்கப்பட்டவள் எங்கள் கண்காணிப்புப் பட்டியலில் அவள் ஒருத்திதான். அம்மா நர்ஸ் என்பதால் ஒரு மாதம்கூட விட்டுப்போனதில்லை. வியாதி எப்போது, எந்த அளவில் தொடங்குகிறது என்று அந்த ஒரு பெண்ணை வைத்துத்தான் சொல்ல முடியும். வர்னாவுக்குப் போய்த் தையல் கற்றுக்கொள்ள ஆயிரம் பெண்கள் இருந்தார்கள்.

இரண்டாவதாகக் கலைக்கப் பார்த்தது ரொட்டி வண்டி. 1974இல் மாவட்ட ரொட்டி ஆலை கீழ்த்தெருவுக்கும் தினமும் வண்டி அனுப்பத் தீர்மானித்தது. முன்னேற்றமாம். நான் ஒரு கடிதம் எழுதினேன். இது மருத்துவக் கண்காணிப்புப் பகுதி, மக்களின் உணவுப் பழக்கத்தை மாற்றுவது ஆய்வைப் பாழாக்கும் என்று. மூன்றே வாரத்தில் வண்டி நின்றது. அந்த மூன்று வாரமும்கூட யாரும் பெரிதாக வாங்கவில்லை. ஒரு கிழவர் வண்டிக்காரனிடம் சொன்னதை நானே கேட்டேன். "இந்தப் பஞ்சைத் தூக்கிட்டுப் போய்யா. தலையணைக்கு வேணா அடைச்சுக்கலாம். வா, எங்க வீட்டு ரொட்டியத் தின்னு பாரு, அப்புறம் பேசு." வீட்டு ரொட்டி என்று அவர்களுக்கு அப்படி ஒரு பெருமை. நான் தடுத்தேன் என்கிறீர்கள். அவர்கள் கேட்கவே இல்லை என்கிறேன்.

விருந்தாளி வந்தால் ரொட்டியும் உப்பும் நீட்டுவார்கள். மறுத்தால் அவமானம். ரொட்டியைப் பிய்த்து, உப்பில் தொட்டு, வாயருகே கொண்டுபோய், கைக்குட்டைக்குள் போட்டுக்கொள்வது எனக்குப் பழகிப்போயிற்று. வீட்டு ரொட்டி என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. அடுத்த வருடம் வெளிநாட்டு டாக்டர்கள் ஒன்பது பேர் வந்தபோது, பூவேலை செய்த உடுப்பில் ரொட்டியை ஏந்திக்கொண்டு நின்றவள் நெதெல்யா. அழகாக இருந்தாள். அவர்கள் எல்லோரும் கேட்டு வாங்கித் தின்றார்கள். ஒரு துண்டில் ஒன்றும் ஆகாது. பதினைந்து வருடம் வேண்டும்.

வருடங்கள் போயின. நெதெல்யா கீழ்த்தெருவிலேயே ஒரு டிராக்டர்காரனைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஆக, நான் சொன்னது நடந்தது. ஒரு மகன். அவன் பதினாறு வயதில் ஸ்பெயினுக்கு ஓடிவிட்டான், பிழைத்துக்கொள்வான். நான் ஊருக்கு அடிக்கடி போக வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனால் கதவுகளில் புதிதாக ஒட்டிய படங்களே எண்ணிக்கையைச் சொல்லிவிடும்.

1991 இலையுதிர்காலத்தில் தாஃபினா இந்த அறைக்கு வந்தாள். கூட மகள். "கைய நீட்டிக் காட்டுடி" என்றாள். "மாவு பிசையறப்ப பாத்தேன் டாக்டர். மாவு வெள்ளை, கை செம்பு. வேணும்னா இன்னொரு தடவை கழுவிக்கச் சொல்றேன்." பார்த்தேன். கழுவ ஒன்றுமில்லை.

"தண்ணிய மாத்தி இருபது வருஷமாச்சே, டாக்டர்" என்றாள்.

"ஆராய்ஞ்சுட்டுத்தான் இருக்கோம்" என்றேன்.

மாவட்ட ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்கிற இயந்திரம் நான்கே நான்குதான் இருந்தது. வரிசையில் நூறு பேர். நெதெல்யாவுக்கு நான்தான் இடம் வாங்கிக் கொடுத்தேன். வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம். அதனால் மூன்று வருடம் கூட இருந்தாள். இதை உங்கள் அறிக்கையில் நான் எங்கும் பார்க்கவில்லை. நல்லதை எழுதினால் கை வலிக்கும் போலிருக்கிறது.

1995 பிப்ரவரியில் போனாள். முப்பத்தெட்டு வயது. அடக்கத்துக்கு நான் போனேன். போகாமல் இருக்க எனக்கு என்ன காரணம்? வருகிறவர்களுக்கு எல்லாம் அவித்த கோதுமையைச் சர்க்கரை தூவிக் காகிதக் குவளையில் கொடுப்பது வழக்கம். தாஃபினா தன் கையாலேயே எனக்கு ஒன்று கொடுத்தாள். "அவ ஆன்மாவுக்காக ஒரு வாய் சாப்பிடுங்க டாக்டர். உங்க மேல அவளுக்கு ரொம்ப மரியாதை." காரில் வைத்து எடுத்துவந்து, வீட்டில் ஒரு வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தேன். நாலு விதை இருந்தது. தேதி போட்டு, முப்பத்தொன்றாம் எண் வீட்டு மாதிரி என்று பதிந்தேன். அடக்க வீட்டிலும் வேலை செய்தான் என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். எல்லோரும் அழுதுகொண்டிருக்கும் இடத்தில் ஒருவனாவது வேலை செய்ய வேண்டும்.

1997இல் கட்டுரை வெளிவந்தது. கீழ்த்தெருவில் கண்காணிக்கப்பட்டவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், இறந்தவர்கள் நாற்பத்து மூன்று. மேல்தெருவில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு பேர், இறந்தவர் ஒருவர். அந்த ஒருத்தியும் கீழே பிறந்து மேலே வாழப்போனவள். இதைவிடச் சுத்தமான எண்கள் இந்தத் துறையில் கிடையாது. மாநாட்டில் எழுந்து நின்று கைதட்டினார்கள். உங்கள் மூவரில் அந்த ஓரத்தில் இருப்பவரும் தட்டினார். எனக்கு முகம் மறக்காது. வயல்களில் அந்தக் களையைத் தேடித் தேடிப் பிடுங்கினார்கள். இன்று யாசென்பாராவில் பிறக்கிற குழந்தைக்கு அந்த வியாதி வராது. அது யாரால் என்று யோசித்துப் பாருங்கள்.

போன குளிர்காலத்தில் ஒரு பொடி டாக்டர் பழைய அலமாரியை நகர்த்தப்போய், பூட்டை உடைத்து, நோட்டை எடுத்து, தேதியைப் பார்த்துவிட்டார். நோட்டுக்கும் கட்டுரைக்கும் இருபத்தைந்து வருட வித்தியாசம். ஓடினார் உங்களிடம். நான் நோட்டை எரிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எரித்திருக்கலாம். விஞ்ஞானி தன் குறிப்பை எரிப்பதில்லை.

தாஃபினாவையும் சாட்சிக்கு அழைத்திருக்கிறீர்கள். வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே வரும்போது பார்த்தேன். கத்துவாள், சாபம் விடுவாள் என்று எதிர்பார்த்தேன். ஊர்ப் பெண்கள் வேறென்ன செய்வார்கள்? அவள் எழுந்து நின்றாள். பழைய பழக்கம்.

"எத்தனை மொயலு டாக்டர்?" என்றாள்.

"பன்னெண்டு."

"எத்தனை செத்துச்சு?"

"ஒன்பது."

"மத்த மூணும்?"

"அதுக்குச் சுத்தமான தீனி போட்டேன், தாஃபினா. ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு."

"மொயலுக்காவது போட்டீங்களே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். நர்ஸாக இருந்தவள் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு. முப்பது வருடம் கூட வேலை பார்த்தும் ஒப்பீடு என்றால் என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

சரி. நேரான பதில் வேண்டும் என்கிறீர்கள். எழுதிக்கொள், அம்மா. விதைதான் காரணம் என்று 1972 மார்ச்சிலேயே எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவளைப் பொறுக்காதே என்றேன். தெரிந்துதான் அந்தப் பெண்ணை ஊரிலேயே வைத்தேன். தெரிந்துதான் ரொட்டி வண்டியைத் திருப்பி அனுப்பினேன். எதையும் யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. இப்போது நீங்களும் கொஞ்சம் யோசியுங்கள், படித்தவர்கள்தானே. அன்றைக்கே நான் வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாற்பத்து மூன்று பேரும் பிழைத்திருப்பார்கள். நெதெல்யா இந்நேரம் வெளியே அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஆனால் அவர்கள் எதனால் பிழைத்தார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருக்காது.